சைக்கிளில் போகிறவர் கண்ணில் படுகிறாரா?



நமது மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில், சைக்கிளில் போகும்போது அடிபட்டுப் படுத்திருப்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் இரண்டு வகையினர். ஒன்று, பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்வருகிற பிள்ளைகள். மற்றது, ஐம்பது வயதைத் தாண்டிய உழைப்பாளிகள்: பால் ஊற்றுகிறவர், இரவுக் காவலாளி, கட்டட வேலைக்குப் போகிறவர், பூ விற்கிறவர். இடைப்பட்ட வயதினர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். மாறுவதற்கு வயது வராதவரும், மாறுவதற்கு வசதி இல்லாதவரும்தான் இன்னும் பெடல் மிதிக்கிறார்கள்.

என்ன நடந்தது என்று விசாரித்தால் அநேகமாக ஒரே பதில்தான். மோதிய வண்டியின் ஓட்டுநர், "ஆள் இருந்ததே தெரியவில்லை ஐயா" என்பார். அல்லது, "திடீரென்று வலது பக்கம் ஒடித்துவிட்டார்" என்பார். அடிபட்டவர், "எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை, பின்னாலிருந்து அடித்துவிட்டான்" என்பார். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். சைக்கிள்காரர் இந்த இடத்தில் இருக்கிறார், அடுத்தபடி இன்னதைச் செய்யப்போகிறார் என்பது ஓட்டுநருக்கு முன்னதாகவே தெரியாமற்போனதுதான் இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றின் மூலகாரணம். கீழே எழுதியிருப்பவை ஏறக்குறைய எல்லாமே அந்த ஒன்றைச் சரிசெய்வதற்கான வழிகள்தான்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்லுகிறது. அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். மொத்தத்தோடு ஒப்பிட்டால் சிறு பங்காகத் தோன்றலாம். ஆனால் சைக்கிள்காரர் மோதி இன்னொருவர் இறப்பது அபூர்வம். மற்றவர்கள் மோதி இவர் இறப்பதுதான் வழக்கம். இந்த மடலை வாசிக்கிற உங்களில் பலர் காரிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்கள். ஆகவே பெடல் மிதிக்கிறவருக்கு மட்டுமன்றி, அவருக்குப் பின்னால் வண்டியில் வருகிற உங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் இருட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று ஓட்டுநரின் கண் கண்டு, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு விநாடிக்குமேல் ஆகும். அதற்குள் 20 மீட்டருக்குமேல் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு நல்ல சாலையிலேயே இன்னொரு 20 மீட்டர் வேண்டும். ஆக 40 மீட்டர். பாரம் ஏற்றிய லாரிக்கும் ஈரச் சாலைக்கும் இன்னும் அதிகம். தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில், கறுப்புப் பேண்ட்டும் நீலச் சட்டையும் போட்ட ஒருவர் பெரும்பாலும் 30 மீட்டருக்குள் வந்தபிறகுதான் தென்படுகிறார். கணக்கைப் பாருங்கள். ஓட்டுநர் குடிக்காதவராகவும் தூங்காதவராகவும் இருந்தாலும், அவரைக் கண்டபிறகு வண்டியை நிறுத்த முடியாது.

அதே சைக்கிளின் பின்புறம் ஒரு நல்ல சிவப்புப் பிரதிபலிப்பான் இருந்தால், நூறு மீட்டருக்கு அப்பாலேயே அது விளக்கொளியைத் திருப்பியனுப்பும். ஓட்டுநருக்குச் சில விநாடிகள் முன்னதாகவே தெரிந்துவிடும். அந்தச் சில விநாடிகள்தான் உயிர். பிரதிபலிப்பானில் சேறும் எண்ணெயும் படிந்திருந்தால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பெடல்களின் விளிம்பில் மஞ்சள் நிறத்தில் சிறு வில்லைகள் இருக்கும். பெடல் தேய்ந்து மாற்றும்போது வில்லை இல்லாத மலிவான பெடலைப் போட்டுவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். அசையாமல் ஓரிடத்தில் மின்னுகிற வெளிச்சம் மைல் கல்லாகவும் இருக்கலாம், நிறுத்திய டிராக்டராகவும் இருக்கலாம். மேலும் கீழுமாக மாறிமாறி மின்னுகிற இரண்டு புள்ளிகளைக் கண்டால், அது பெடல் மிதிக்கிற மனிதக் கால் என்று மூளை உடனே அறிந்துகொள்ளும். கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை கட்டினாலும் இதே பலன் கிடைக்கும்.

எங்கள் சிறுவயதில் விளக்கில்லாமல் இரவில் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் பிடித்து டயரில் காற்றை இறக்கிவிடுவார். 'டபுள்ஸ்' போனாலும் பிடிப்பார்கள். அதற்குப் பயந்தாவது டைனமோவைச் சரியாக வைத்திருந்தோம். பின் மட்கார்டின் அடியில் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருப்போம். இன்று அந்தக் கண்டிப்பு இல்லை, விளக்கும் இல்லை. டைனமோவில் ஒரு குறையும் இருந்தது. சக்கரம் சுற்றினால்தான் அது எரியும். சந்திப்பில் நின்றால் அணைந்துவிடும். இப்போது கிடைக்கிற பேட்டரி விளக்குகள் நிற்கும்போதும் எரிகின்றன. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. மாற்றிப் போட்டால், வண்டி எதிரே வருகிறதா முன்னே போகிறதா என்று ஓட்டுநர் குழம்பிப்போவார்.

அடுத்தது, சாலையில் எந்த இடத்தில் போவது என்பது. "ஓரமாகப் போ" என்று சொல்லியே பிள்ளைகளை அனுப்புகிறோம். ஆனால் ஓரம் என்பது தார் முடிகிற விளிம்பு அல்ல. அந்த விளிம்பில்தான் மணலும் கண்ணாடித் துண்டும் சேரும். தார் உடைந்து நாலு விரல் பள்ளம் விழுந்திருக்கும். அறுவடைக் காலமானால் நெல்லோ கேழ்வரகோ காயப்போட்டிருப்பார்கள், அதன்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். விளிம்பை ஒட்டியே போகிறவர் இவை ஒவ்வொன்றுக்கும் வலது பக்கம் ஒடித்து ஒடித்துப் போகிறார். பின்னால் வருகிற வண்டி மோதுவது அப்படி ஒடிக்கிற நேரத்தில்தான். தார் விளிம்பிலிருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளி, நேர்கோட்டில், ஆடாமல் போகவேண்டும். பள்ளம் இருந்தால் தூரத்திலேயே கண்டு, பின்னால் திரும்பிப் பார்த்து, மெதுவாக விலகவேண்டும். நிறுத்தியிருக்கிற கார் அல்லது வேனைக் கடக்கும்போது கதவு திறக்கிற அளவுக்கு இடம் விட்டே போங்கள். காரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கதவைத் திறக்குமுன் கண்ணாடியில் பாருங்கள். வலது பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகினால் உடம்பு தானாகவே பின்னோக்கித் திரும்பும்; சைக்கிள் வருவது கண்ணில் படும்.

திரும்பிப் பார்ப்பதே ஒரு பயிற்சி. தலையைத் திருப்பினால் கையும் சேர்ந்து திரும்பி, சைக்கிள் அந்தப் பக்கமே சாயும். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, அந்தக் கோட்டை விடாமல் தோளுக்குமேல் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டும்படி பிள்ளைகளைப் பழக்கலாம். அரை மணி நேரத்தில் வந்துவிடும். தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு எனத் தொடங்கி, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவான இலவச சைக்கிள் திட்டத்தால், எத்தனையோ பிள்ளைகள் மேல்வகுப்பைத் தொடர முடிந்தது. நல்ல காரியம். ஆனால் சைக்கிள் கைக்கு வந்தபின், சாலையில் அதை எப்படி ஓட்டுவது என்று பெரும்பாலும் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. மூன்று பேர் வரிசையாகத் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டு போகிறார்கள். நட்பைக் குறை சொல்லவில்லை. நடுவில் இருக்கிற பிள்ளைக்கு எந்தப் பக்கமும் விலக இடமில்லை என்பதைத்தான் சொல்கிறேன். ஒருவர் பின் ஒருவராக, இருவருக்கும் இடையே ஒரு சைக்கிள் நீளம் விட்டுப் போகச் சொல்லுங்கள்.

லாரி, பேருந்து இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நம் நாட்டில் ஓட்டுநர் வலது பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது முன் மூலையை ஒட்டி நிற்கிற சைக்கிள்காரர் அவர் கண்ணுக்கு மட்டுமல்ல, அவருடைய கண்ணாடிக்கும் பல நேரங்களில் தெரிவதில்லை. சிக்னலில் லாரி நிற்கும்போது அதன் இடது புறம் சந்து கிடைக்கிறது என்று நுழைந்து முன்னே போய் நிற்கிறோம். விளக்கு மாறியதும் லாரி இடது பக்கம் திரும்புகிறது. முன் சக்கரம் அகலமாகத் திரும்புவதைப் பார்த்து, இடம் இருக்கிறது என்று சைக்கிள்காரர் நினைக்கிறார். ஆனால் பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போவதில்லை. உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக இருக்க இருக்க அந்த வெட்டும் அதிகம். லாரியின் பக்கவாட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் தப்புவது கடினம்.

ஆகவே நிற்கிற பெரிய வண்டியின் இடது பக்கத்தில் ஒருபோதும் நுழையக்கூடாது. பின்னால் நில்லுங்கள். அதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு: ஓட்டுநரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவேண்டும். உங்களுக்கு அவர் முகம் தெரியாவிட்டால் அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும் இதே விதிதான். பஸ்ஸின் இடது புறம் புகுந்தால் இறங்குகிறவர்மேல் மோதுவீர்கள், வலது புறம் ஒதுங்கினால் பின்னால் வருகிற வண்டிக்குக் குறுக்கே போவீர்கள். அரை நிமிஷம் காத்திருந்தால் போதும்.

திறந்த நெடுஞ்சாலையில் லாரி உங்களைக் கடந்துபோகும்போது காற்றும் ஆளை அசைக்கும். முதலில் ஓரத்துக்குத் தள்ளும்; வண்டி கடந்து முடிகையில் உள்ளே இழுக்கும். தெரியாதவர்கள் தள்ளுகிற காற்றை எதிர்த்து வலது பக்கம் சாய்ந்து, அடுத்த கணத்தில் லாரிப் பக்கமே விழுகிறார்கள். சத்தம் கேட்டதுமே இரண்டு கைகளாலும் கைப்பிடியை உறுதியாகப் பிடித்து, குனிந்து, நேராகப் போகவேண்டும். ஓட்டுநர்களே, நீங்கள் ஒரு கை நீளத்துக்கும் மேலாகவே இடம் விட்டுக் கடந்துசெல்லுங்கள். எதிரே வண்டி வந்தால் பின்னாலேயே பொறுத்துப் போங்கள். முதுகுக்குப் பக்கத்தில் வந்து ஏர் ஹார்ன் அடித்தால் வயதானவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒடிப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. தூரத்திலேயே லேசாக ஒரு ஹார்ன் அடித்துவிடுங்கள்.

நான்குவழிச் சாலைகள் வந்தபிறகு ஒரு புதிய அபாயமும் சேர்ந்தே வந்தது: எதிர்த்திசையில் போவது. நடுவில் தடுப்புச் சுவர் இருப்பதால், எதிரே தெரிகிற ஊருக்குப் போக ஒரு மைல், இரண்டு மைல் போய்த் திரும்பி வரவேண்டியிருக்கிறது. இதைப் பற்றி ஒரு பால்காரப் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "ரெண்டு பக்கமும் கேன் தொங்குது ஐயா, அம்புட்டு தூரம் சுத்திப் போய் எப்படி மிதிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சாலையைத் திட்டமிட்டவர்கள் அவரை மனதில் வைத்துத் திட்டமிடவில்லை. சைக்கிளுக்கென்று தனிப் பாதை எப்படி அமைப்பது என்பதற்கான வழிமுறையை இந்தியச் சாலைப் பேராயம் 1962ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. பல சாலைகளில் அது காகிதத்தோடு நின்றுவிட்டது. சைக்கிள்காரரை மட்டும் குற்றவாளியாக்குவது எனக்குச் சம்மதமில்லை.

ஆனாலும் எதிர்த்திசையில் ஓட்டுவது மிகவும் ஆபத்தானது. 60 கிலோமீட்டரில் வருகிற வண்டியும் 15 கிலோமீட்டரில் போகிற சைக்கிளும் ஒரே திசையில் போனால், இரண்டுக்கும் இடையேயுள்ள வேகம் 45 மட்டுமே. எதிரெதிரே வந்தால் அது 75. விலகுவதற்குக் கிடைக்கிற நேரம் அந்த அளவுக்குக் குறைகிறது. அடியும் அந்த அளவுக்குக் கடுமை. அதோடு, பக்கச் சாலையிலிருந்து நுழைகிற ஓட்டுநர் வண்டிகள் வருகிற வலது பக்கம் மட்டுமே பார்ப்பார். இடமிருந்து ஒரு சைக்கிள் வரும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அந்தப் பெரியவரிடம் நான் சொன்னது, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள் என்பதே. தாருக்கு வெளியே மண் ஓரத்தில் சைக்கிளைத் தள்ளி நடக்கிறவர், நடக்கிறவராகவே கணக்கு. சாலையைக் குறுக்கே கடக்கும்போதும் அப்படியே: இறங்கி, முதல் பாதியைக் கடந்து, நடுத்தடுப்பின் இடைவெளியில் நின்று, மறுபடியும் பார்த்து, மறு பாதியைக் கடக்கவேண்டும். இறங்கித் தள்ளுவதை நம் ஆட்கள் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள், குறிப்பாக இளைஞர்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பிரேக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய மாதிரிச் சைக்கிள்களின் சக்கர ரிம் பளபளப்பான இரும்பு. மழையில் நனைந்தால் பிரேக் கட்டை அதில் வழுக்கும். நிற்பதற்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு தூரம் ஆகும். மழையில் போகும்போது நிறுத்தவேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் ரிம்மின் ஈரம் துடைபடும். முன் பிரேக் வேலை செய்யவில்லை, பின் பிரேக் மட்டும் போதும் என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. போதாது. நிறுத்தும்போது பாரம் முன்னால் சாய்வதால், முன் பிரேக்கில்தான் பிடிப்பு அதிகம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரிடும். கேரியரில் அரிசி மூட்டையோ சிலிண்டரோ ஏற்றினால் முன் சக்கரம் இலேசாகி ஆடும். அன்றைக்கு மெதுவாகப் போகவேண்டும். இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆயினும் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், அது கடுமையான தலைக்காயத்தைப் பாதிக்குமேல் குறைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் எல்லாரும் போடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளுக்காவது வாங்கிக்கொடுங்கள்.

விபத்தைக் கண்டால் நிற்கப் பயப்படாதீர்கள். காயப்பட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவி செய்கிறவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பெயரைச் சொல்லும்படியும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 108க்குச் சொல்லுங்கள். கழுத்தையோ முதுகையோ மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கடைசியாக, பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் அறியவேண்டிய இரண்டு காயங்கள். இவை வண்டி மோதாமலே வருகிறவை. பின் கேரியரில் உட்கார்த்திவைத்த சிறு பிள்ளையின் கால் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்குள் போய்விடும். குதிகாலின் தோலும் சதையும் பிய்ந்து வரும், ஆற மாதக்கணக்காகும். கடைகளில் விற்கிற கம்பி வலையைப் பின் சக்கரத்தின் இருபுறமும் போட்டுவிட்டால் இது நேராது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமலிருக்கவும் அதே வலை உதவும்.

மற்றது வயிற்றுக் காயம். பிள்ளை மெதுவாகத்தான் விழுந்திருக்கும். ஆனால் விழும்போது கைப்பிடி திரும்பி, அதன் முனை வயிற்றில் குத்தியிருக்கும். வெளியே ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டச் சிவப்பு. சில வேளை அதுவும் இருக்காது. உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். திட்டுவார்கள் என்று பிள்ளை சொல்லாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வயிற்று வலி, வாந்தி, முகவெளுப்பு என்று வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்போம். சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைக்கு வயிறு வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்; விழுந்ததையும் சொல்லுங்கள். கைப்பிடி முனையின் ரப்பர் உறை கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரிகிறதா என்று இன்று சாயங்காலமே உங்கள் வீட்டுச் சைக்கிளைப் பாருங்கள். வீட்டுக்குப் பால் கொண்டுவருகிறவர் சைக்கிளையும் பாருங்கள். ஒரு ஜோடி உறை எந்தச் சைக்கிள் கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கும். பக்கத்திலேயே சிவப்புப் பிரதிபலிப்பானும் தொங்கிக்கொண்டிருக்கும்.